கம்பத்தடி விளக்கு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவன் இப்போதே சிரித்துவிடு. அப்புறம் கொல்லைப் பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடக் கூடாது. இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

ராத்திரி ஒன்பது மணி. மழை விட்ட சாலை... ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். மர அறுவை மில்லில் வேலை முடிந்து சித்தப்பா சைக்கிளில் தனியாக வருகிறார். அவர் ஊர் என்றால் ஏழெட்டு வீடுதான். வாய்க்காலைத் தாண்ட ஒரு பலகைப் பாலம். சாலைப் பக்கம் ஒரே ஒரு விளக்குக் கம்பம். சைக்கிளைக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டு எல்லாரும் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசியாக வருகிறவர் பாலம் தாண்டியதும் இருக்கும் ஸ்விட்சில் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்.

அன்று எல்லார் சைக்கிளும் அங்கே நின்றன. சித்தியுடையதும்தான். "அப்பாடா, வந்துட்டா" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது.

சித்தியின் சைக்கிள் காலையிலேயே பஞ்சர். விடியுமுன் கிளம்பிப் போன மனிதருக்கு அது தெரியாது. மில்லுக்கு எதிர்த் திசையில் இருந்த தையல் கடை வேலைக்குச் சித்தி நடந்தே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது ஒரே இருட்டு... டார்ச்சோடு சித்தப்பா ஓடிப்போய்ப் பார்த்தால், பாலத்தடியில் சித்தியின் ஒற்றைச் செருப்பு மிதந்தது. பாவம், மனிதர் அன்றைக்கே பாதி செத்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்த விளக்கை அவர் யாரையும் அணைக்க விடவில்லை. ஆனாலும் ஊர் மொத்தமும் வீடு சேர்ந்த கொஞ்ச நேரத்தில்... டக். அதுவாகவே அணையும். போய்ப் பார்த்தால் ஸ்விட்ச் ஈரமாக இருக்கும். பாசி நாற்றம்.

ஊரே நடுங்கியது. அவர் மட்டும், "அவதான்டா. ஒரு தடவ பார்த்து மன்னிப்பு கேட்டுட்டா போதும்" என்று என் சிநேகிதனிடம் அழுதிருக்கிறார்.

ஒருநாள் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். தவளைச் சத்தம்... அப்புறம் அதுவும் நின்றது. யாரும் வரவில்லை. விளக்கும் அணையவில்லை, விடிய விடிய எரிந்தது. "என் மேல அவ்வளவு கோவமா?" என்று வாய்விட்டு அழுதபடி வீட்டுக்கு நடந்தார்.

வாசற்படியில் இரண்டு ஈரப் பாதச் சுவடுகள். விரல்கள் விளக்கைப் பார்த்து இருந்தன. ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர் தேங்கியிருந்தது.

"நான் இன்னும் வெளியில இருந்தேனே..." என்றார். "எனக்காகத்தான்டா எரிய விட்டிருக்கா."

இப்போதெல்லாம் பொழுது சாயும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அங்கே விளக்கு டக்கென்று அணைந்ததும், துண்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறார். காலையில் அந்தத் துண்டு நனைந்திருக்கிறது.