நூற்றியொரு டம்ளர்

பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. என் அண்ணன் இறந்தபோது கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் அவர் பேரையே தப்பாக வெட்டியிருந்தார்கள். அதனால்தான் இந்த வேலையை நான் வீட்டிலேயே பழகினேன். ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக் குடங்களில் என் எழுத்துத்தான் இருக்கிறது. காகிதம் கொடுத்து எழுதச் சொன்னீர்கள், அதையும் திருத்தமாகவே எழுதித் தருகிறேன்.

வேலை சுலபம். சிம்மக்கல் கடையில் எழுத்து வெட்டி வாங்கிய ஸ்டிக்கரை டம்ளரில் ஒட்ட வேண்டும். பேட்டரி சார்ஜரின் ஒரு கிளிப் டம்ளரில், இன்னொன்று உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சில். பஞ்சை எழுத்தின் மேல் ஒற்ற ஒற்றத் தகடு அரித்துப் பேர் விழுந்துவிடும். பஞ்சில் பச்சையும் பழுப்புமாகக் கசடு ஏறும். அதைக் கண்ணால் பார்க்காமல் தூர எறிவேன்.

என் மனைவி பாண்டீஸ்வரியின் முதுகுப் புண்ணிலும் அதே நிறம்தான் வந்தது. வாதத்தில் விழுந்து ஐந்து மாதம். காலையும் மாலையும் நான்தான் துடைத்தேன். ஒரே பஞ்சுக் கட்டிலிருந்துதான் இரண்டுக்கும் பிய்த்தேன். அந்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. சோற்றை ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தேன். அருவருப்பு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அருவருப்புக்காக நான் எதையும் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவர் பேரும் தேதியும் போட்ட டம்ளர் கொடுப்பது எங்கள் வழக்கம். மார்ச் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை காலையில், அவள் தம்பி விருமாண்டி வந்து பார்த்தான். அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்குப் பொழுது தாண்டாது மச்சான். நான் மேலூர் போயி சொந்தபந்தத்துக்குச் சொல்லிட்டு வாரேன்," என்று கிளம்பினான்.

நான் கொல்லையில் உட்கார்ந்து நூற்றியொரு டம்ளரிலும் வெட்டி முடித்தேன். 'பாண்டீஸ்வரி நினைவாக, 1.3.2025.' ஒரு கொம்பு, ஒரு சுழி பிசகவில்லை.

மூன்று மணிக்கு உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"என்னங்க, நாக்கு வறளுது. கொஞ்சம் மோர் தாங்க."

மூன்று நாளாகப் பேசாதவள். கைக்கு அகப்பட்ட டம்ளரில் கொண்டுபோய், தலையைத் தூக்கிப் பிடித்தேன். முழுவதும் குடித்தாள். பிறகு விளங்கும் கையால் டம்ளரைத் திருப்பி எழுத்துக் கூட்டினாள்.

"எம்பேரு போட்டிருக்கு. இது என்ன தேதிங்க?"

"இன்னைக்குத் தேதி," என்றேன்.

டம்ளரை என்னிடமே நீட்டினாள். "அம்புட்டு அவசரமா உங்களுக்கு?" என்றாள். குரலில் கோபமில்லை.

கொல்லைக்குப் போய் ஒரு டம்ளரை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். தேதி மங்கியதே தவிரப் போகவில்லை. திரும்பி வந்து தலையணையை எடுத்தேன். விளங்கும் கை மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது, பிறகு விட்டுவிட்டது. வாயோரம் வழிந்த மோரைப் புதுப் பஞ்சால் துடைத்தேன். கையை இரண்டு தடவை கழுவினேன்.

விருமாண்டி வந்து அழுதான். சனிக்கிழமைச் சாவு துணை தேடும் என்று பாடையில் கோழி கட்டினார்கள்.

தேதியை வெட்டியாகிவிட்டது, எனக்கு வேறு வழியில்லை. நடந்தது இவ்வளவுதான். ஸ்டிக்கர் கடைச் சீட்டைக் காட்டி, பிப்ரவரி இருபதாம் தேதியே இந்தத் தேதியை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆமாம், கொடுத்தேன். சனிக்கிழமை போனால்தான் பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை விழும். எல்லாருக்கும் லீவு. அவள் காரியத்துக்கு நாலு பேர் வர வேண்டாமா?