கட்டி வைத்திருந்த கேட்

நாளைக் காலை யார்க்ஷயர் மலைப்பக்கம் நடக்கப் போகிறீர்கள். குப்பை போடாதே, நாயை அவிழ்த்துவிடாதே, பாதையை விட்டு விலகாதே... எல்லாம் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. நான் வேறு ஒன்று சொல்கிறேன். சின்னக் கதைதான். சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்...

நான் முன்பு இருந்த ஊரில், தமிழ்ச் சங்கத்து நடைக்குழுவுக்குத் தலைவர் ஒருவர். தணிகாசலம். இன்று அவர் இங்கே வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஒரு ஜூன் மாதம். நல்ல வெயில். அவரும் மனைவி மங்கையர்க்கரசியும் மட்டும் நடக்கப் போனார்கள். மேலே ஒரு புல்வெளி, நிறையச் செம்மறி ஆடுகள், குட்டிகள். கீழே இன்னொரு புல்வெளி, அதில் ஓர் ஓடை. நடுவில் கல் சுவர். சுவரில் ஒரு கேட்... விரியத் திறந்து கிடந்தது. சும்மா அல்ல. கயிறு போட்டு, சுவரோடு இறுக்கிக் கட்டியிருந்தது.

தணிகாசலம் நின்றார்.

"பாரு, கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கான். பொறுப்பில்லாத பயல்!"

"ஏங்க, கயிறு போட்டுக் கட்டியிருக்கே. யாரோ வேணும்னுதான் கட்டியிருக்காங்க. விட்டுடுங்க."

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதா? குழுவுக்குத் தலைவன் நீயா நானா?"

கயிற்றை அவிழ்த்தார். கேட்டைச் சாத்தினார். கொண்டி போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். ஒரு நல்ல காரியம் முடிந்தது!

சாயங்காலம் அதே வழியாகக் கீழேயிருந்து திரும்பி வந்தார்கள். என்ன பார்த்தார்கள் தெரியுமா? கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன சத்தம். மேலே சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஓடை கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது... நடுவில் கேட்.

"நீங்க சாத்தினதுதானே?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

தணிகாசலம் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார்.

அது ஆடுகள் பக்கமாகத் திறக்கிற கேட். அந்த அம்மாள் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்து ஓடைக்கு ஓடின. ஒன்று மட்டும் வரவில்லை. சுவரோரம் வாய் பிளந்து கிடக்கிறது. குட்டி அதன் மடியை முட்டிக்கொண்டே இருக்கிறது...

அம்மாள் பையிலிருந்து புளிசாத டப்பாவை எடுத்தார். ஓடையில் கழுவினார். தண்ணீர் மொண்டு வந்து ஆட்டின் வாயருகே வைத்தார். முதலில் நாக்குகூட நீளவில்லை. மறுபடி மொண்டு வந்தார். மறுபடியும். கடைசியில் குடித்தது... எழுந்து நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் கேட்டைப் பழையபடி கட்டினார்.

தணிகாசலம் என்ன செய்துகொண்டிருந்தார்? போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம். திரையில் அந்தப் படம். "தாகத்தில் தவித்த ஜீவனுக்கு நம் குழு தண்ணீர் கொடுத்தது" என்று பேசினார். என்ன கைதட்டல்! ஒரு சால்வை வேறு. படத்தில் ஆடு இருந்தது. புளிசாத டப்பா இருந்தது. டப்பாவைப் பிடித்த கை... மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கைக்கு உரியவர் மூன்றாம் வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லித்தான் இந்தக் கதையே எங்களுக்குத் தெரியும்.

நண்பர்களே, நாளைக்கு நீங்கள் நூறு கேட்டைக் கடப்பீர்கள். மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். திறந்து கட்டியிருந்தால், அப்படியே விடுங்கள். அது உங்கள் நிலம் அல்ல. உங்களுக்கு முன்னால் ஒருவர் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார் என்று நம்புவதற்கு என்ன குறைந்துவிடும் நமக்கு?

தப்பித் தவறிச் சாத்திவிட்டீர்களா? மனிதன்தானே, பரவாயில்லை. திரும்பிப் போய்த் திறந்துவிடுங்கள். திறந்ததற்காகச் சால்வை மட்டும் கேட்காதீர்கள்.

போய் வாருங்கள். டப்பாவில் தண்ணீர் மொள்ள இடம் வைத்துக்கொள்ளுங்கள்.