தக்கைக் காட்டு வீட்டில் ஒரு புது ஜோடி

— கிணறா? ஆகஸ்டு வந்தா வத்திரும். கூரையும் ஒழுகும். இப்பவே சொல்லிட்டேன், நாளைக்கு இந்த பஸ்தியானா சொல்லலைன்னு பேசக்கூடாது.

— ஆகஸ்டுல மழையே வராதே அக்கா, கூரை ஒழுகினா என்ன?

— உன் வீட்டுக்காரி சரியான வாயாடி, தம்பி.

— கல்யாணமாகி நாலு நாள்தான் ஆச்சு அக்கா. நானும் இப்பத்தான் கண்டுபிடிச்சிட்டிருக்கேன்.

— எஃபிசியோ! உனக்கு அப்புறம் இருக்கு. அக்கா, இந்த மரங்கள்தான் என்ன அழகு! மேல சாம்பல், கீழ ரத்தச் சிவப்பு. யாரோ சாயத்துல நிக்க வெச்ச மாதிரி.

— அழகா? நோய்மா அது. தோல் உரியுற நோய். முன்னூறு மரமும் ரெண்டு வருஷத்துல சாஞ்சிரும்.

— ஐயோ, பாவம்!

— நம்பாதே, மரிலேனா. எங்க மாமா பாட்டில் மூடி செய்யற தக்கை ஆலையில இருபது வருஷம் இருந்தவரு. இது தக்கைக்காகப் பட்டை உரிச்ச மரம். போன வாரம்தான் உரிச்சிருக்காங்க, சிவப்பு இன்னும் மங்கலை. எதுக்கு அக்கா இப்படிப் புளுகுறீங்க?

— உங்களை அனுப்பினவன்கிட்டப் போய்க் கேளு.

— எங்களை யாரும் அனுப்பலையே!

— சஸ்ஸாரியில இருக்கற என் தம்பி கவினோ அனுப்பலை? பதினோரு மணிக்கு வீடு பாக்க வர்ற மிலானோ ஜோடி நீங்க இல்லை?

— மிலானோவா! நாங்க இதே தீவுல காலியாரி, அக்கா. தேனிலவுக்கு வந்தோம். கடற்கரையில துண்டு விரிக்க இடமில்லை, அதான் மலைப்பக்கம் ஏறிட்டோம். மரத்தைப் பாத்து இவ வண்டியை நிறுத்தச் சொன்னா.

— அடக் கடவுளே! முதல்லயே சொல்றதுக்கென்ன?

— நீங்க எங்க பேச விட்டீங்க? கேட்டைத் திறந்ததுமே கூரை ஒழுகுதுன்னு ஆரம்பிச்சிட்டீங்க.

— என்ன பண்ணச் சொல்றே? அப்பா எல்லாத்தையும் கவினோ பேருக்கு எழுதிட்டாரு. காட்டைக் காப்பாத்துறது நான், விக்கறது அவன். வர்றவங்களுக்கு நானே சுத்திக் காட்டணுமாம். காட்டினேன். ஒருத்தருக்குப் பாம்பு, ஒருத்தருக்குப் பேய். ஒரு டாக்டர் வந்தாரு, அவருக்கு மட்டும் கிணத்துத் தண்ணியில காய்ச்சல். ஆறு பேரும் ஓடிட்டாங்க.

— அப்போ கிணறு வத்தாதா?

— வத்துமா! எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, ஒரு வருஷம் வத்தினதில்லை. இந்தா, குடிச்சுப் பாரு.

— அப்பா... பல்லு கூசுது! எஃபி, நீயும் குடியேன்.

— இப்ப இங்க வா பொண்ணே. மரத்தைத் தொட்டுப் பாரு.

— ஈரமா இருக்கு. உயிருள்ள முதுகைத் தொட்ட மாதிரி.

— ஆமா. கோடரி இறங்கினதும் துணி கிழியற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒரு விரக்கடை ஆழமாப் போச்சுன்னா மரம் செத்துரும். மூச்சைப் பிடிச்சிக்கிட்டுத்தான் வெட்டணும். வெள்ளைப் பெயின்ட்ல அஞ்சுன்னு எழுதியிருக்கேன்ல? இந்த வருஷம், ரெண்டாயிரத்து இருபத்தஞ்சுல உரிச்சது. இனி முப்பத்தஞ்சு வரைக்கும் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

— பத்து வருஷம் சும்மா காத்திருக்கறதா?

— சும்மாவா? புதர் வெட்டணும், பன்னி மேய்க்கணும், கோடையில தீ வராமப் பாக்கணும். சாயங்காலம் காத்து கடல்லேர்ந்து ஏறி வரும் பாரு, ஒவ்வொரு இலையும் பேசும். காத்து அடங்கினா கீழ ஊர்ல குரைக்கறது எவன் வீட்டு நாய்னு இங்கேருந்தே சொல்லிருவேன்.

— வித்துட்டா நீங்க எங்க போவீங்க?

— அவன் வீட்ல, நாலாவது மாடியில எனக்கொரு ரூமாம். ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஜன்னல். நான் போக மாட்டேன். மிலானோக்காரங்க வரட்டும், அவங்களுக்கு ஓநாய் வெச்சிருக்கேன்.

— இந்தத் தீவுல ஓநாயே இல்லையே அக்கா!

— அது மிலானோவுல யாருக்குத் தெரியும்? உக்காருங்க. ரொட்டி இருக்கு, ஆட்டுப்பால் சீஸ் இருக்கு, தேன் ஊத்தித் தர்றேன். நீங்க வாங்க வரலைன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இந்த இடத்தைப் பத்தி வாய் நிறைய நல்லது பேசி எத்தனை மாசம் ஆச்சு! என்ன பொண்ணே, சாப்பிடாம மரத்தையே பாத்துக்கிட்டிருக்கே?

— எஃபி, காலியாரியில வாங்கறதா இருந்த ஃபிளாட்டுக்கு நாம இன்னும் கையெழுத்துப் போடலைல்ல?

— போடலை. எதுக்குக் கேக்கறே? மரி, வேணாம். அக்கா முகத்தைப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அக்கா, உங்க தம்பி நம்பரைக் குடுங்க. இந்த வீட்டை நாங்க வாங்கறோம்.