கிழக்குப் பார்த்த படகு

– செருப்பக் கழட்டிப் படித்துறையிலதான் உட்டுருக்கறேன் மாப்பளை. போட்டுக்கிட்டுக் கெளம்ப ஒரு நொடி ஆகாது. பூங்கோதையையுங் கூட்டிக்கிட்டு ஆர்.எஸ்.புரத்துல என்ற ஊட்டுக்கே போயிருவேன், இப்பவே சொல்லிப்போட்டேன்.

– குளுரு முடியற வரைக்குந்தானுங்க அத்தை. இந்தக் கொடுமுடியில படகக் கட்டிப்போட்டுக் கம்முனு இருந்துக்கறோம். மாசியில மத்ததப் பாத்துக்கலாமுங்க.

– இருந்த வாடகை ஊட்டையுங் காலி பண்ணிப்போட்டீங்க. சொந்தம், ஒறம்பரைக்காரங்க கேட்டா, என்ற மக படகுல குடியிருக்கறான்னா சொல்லுவேன்? போன வாரம் ஒருத்தி கேக்கறா, உன்ற மாப்பளை மீன் புடிக்கறாரான்னு.

– புடிச்சுப் பாத்தாருங்கம்மா. ஒண்ணும் மாட்டுல.

– நீ சும்மா இரு கண்ணு. குடிவந்த எடத்துல பால் காச்சோணும். காச்சாத எடத்துல என்ற மக ஒரு ராத்திரி தங்க மாட்டா. நாளைக்கு மார்கழி பொறந்துரும். அப்பறம் தை வரைக்கும் நெனச்சே பாக்க முடியாது.

– அப்ப இன்னைக்கே காச்சிரலாமுங்க அத்தை. பால் இருக்குது, அடுப்பு இருக்குது.

– அடுப்புக்கு முன்னால நின்னா மொகம் மேக்கயில்ல பாக்குது! கெழக்கப் பாத்து நின்னுதான மாப்பளை காச்சோணும்?

– இவ்வளவுதானுங்களா? அடுப்பத் திருப்பி... அட, போல்ட் போட்டு முடுக்கியிருக்கறானுங்க, படக வித்த அந்தக் கேரளாக்காரன்.

– அப்ப அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு காச்சு கண்ணு.

– அந்தப் பக்கம் ஆறுங்கம்மா.

– பாத்தியா! நல்ல நேரமும் முடியப்போகுது. பொட்டியக் கட்டு, போலாம்.

– இருங்க அத்தை, இருங்க! அடுப்பு திரும்பாட்டிப் போச்சாது. ஊட்டையே திருப்பிப்போடறேன்.

– ஏனுங்க, ஊட்டையா?

– படகுதான அம்மணி! முன்னால ஒரு கயிறு, பின்னால ஒரு கயிறு. ஒண்ண அவுத்தாப் போதும், தண்ணி தள்ளுற தள்ளுக்குத் தானாத் திரும்பிக்கும். ஆர்.எஸ்.புரத்துல எந்த ஊடு இப்படித் திரும்பும், சொல்லுங்க அத்தை?

– வாய் பேசுனது போதும், போயி அவுறுங்க.

– நானும் ஒரு கை குடுத்துப்போட்டு வாரேனுங்கம்மா.

– போ, போ... அட, திரும்புது! இன்னுஞ் சித்த... ஆங், வெயிலு மொகத்துல அடிக்குது! ஓடியா கண்ணு, பால வையி!

– வெச்சாச்சுங்கம்மா. தீய நல்லா ஏத்தியுட்டுட்டேன்.

– பொங்குது சாமி, பொங்குது! கெழக்கப் பாத்தே வழியுது பாரு! மாப்பளை, நான் என்னென்னமோ பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இங்கயே இருங்க, எத்தன மாசம் வேணும்னாலும் இருங்க.

– கேட்டயா அம்மணி! நான் பின்கயித்த அவுத்ததும் எப்படித் திரும்புச்சு பாத்தயா?

– ஆமாங்க. பாதியில நின்னு போச்சுன்னா அம்மா என்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்களேன்னு, முன்கயித்த நானே அவுத்துட்டனுங்க.

– என்னது?

– ஏனுங்க மாப்பளை, என்ற செருப்பு எதுக்குங்க அவ்வளவு தூரம் போகுது?