அவிழ்க்காத கட்டு

“இவங்க நெசமாவே அடிச்சுக்கிறாங்களா, இல்ல சும்மாவா?” என்று கேட்டேன்.

“அடி பொய். விழுறது மட்டும் நெசம். பேசாமப் பாரு புள்ள, இப்ப நாற்காலிய எடுப்பான்,” என்றார் என் கணவர் கர்ணன்.

சொன்னது போலவே டிவியில் அந்தத் தடியன் ஒரு இரும்பு நாற்காலியை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் மேல் போட்டான். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கணவன் மனைவியாக நாங்கள் பேசிய முதல் பேச்சு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் பேசியதெல்லாம் சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதுதான்.

அவர் காலைப் பற்றி மட்டும் சொல் என்று நீங்கள் மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள், ஏட்டம்மா. காலுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். அந்த மல்யுத்த நிகழ்ச்சியைச் சொல்லாமல் காலைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கும் புரியவில்லை. அவர்களும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டை. அவர் ஜீப் ஓட்டினார். விடியக்காலை நாலரை மணிக்கு ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போவார். இருட்டிய பிறகு வருவார். சாப்பாட்டில் கை வைக்கும்போதே கண் சொருகிவிடும். வாரத்தில் ஆறு நாள் நான் அவருடைய தூக்கத்தோடுதான் குடும்பம் நடத்தினேன். ஏழாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் எனக்குக் கிடைப்பார்.

அவருக்கு அடி தெரியும், பிடி தெரியும். ஆனால் இங்கிலீஷ் தெரியாது. நான் உத்தமபாளையத்தில் பி.காம். படித்தவள். படிப்பு எதற்கும் உதவவில்லை, இதற்கு உதவியது. மேடைக்குக் கீழே இரண்டு பேர் உட்கார்ந்து விடாமல் பேசுவார்களே, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்பார். நான் சொல்வேன். ஆட்டக்காரர்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பேசாமல் அடிப்பவன் ஊமையன். மயிர் அடர்ந்தவன் கரடி. எண்ணெய் பூசிக்கொண்டு கண்ணாடி பார்ப்பவன் மினுக்கி. பக்கத்து வீட்டு ஒச்சாண்டி அண்ணனும் சில வாரம் வந்து உட்காருவார். “ஏலே மாப்ள, தங்கச்சி இங்கிலீசுல கேட்டு ஒனக்குத் தமிழ்ல அடி வாங்கித் தருதோ,” என்பார். அவர் வராத வாரங்கள் எனக்குப் பிடிக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கும் அந்த இங்கிலீஷ் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. பிடிபடாததை நானே சொன்னேன். கரடிக்கு ஒரு தங்கை இருப்பதாகவும், அவள் கல்யாணத்துக்காகத்தான் அவன் அடி வாங்குவதாகவும் சொன்னேன். மினுக்கியின் மனைவி அவனை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றேன். “பாவம், அதான் அந்த ஆட்டம் ஆடுறான்,” என்று அவர் வருத்தப்பட்டார். ஐந்து வருஷம் இப்படிப் போனது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வேறு எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் வாரம் ஒரு மணி நேரம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டாயிரத்து நான்கு தொடக்கத்தில் அவருக்கு மலை மேல் வண்டன்மேட்டில் ஒரு தோட்டத்தில் நிரந்தர டிரைவர் வேலை வந்தது. தங்க இடமும் உண்டு. மாதம் ஒரு முறை இறங்கி வரலாம். அதைச் சொன்னபோது அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது? அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். “குளிரு ஒனக்கு ஆகாது புள்ள, நீ இங்கனயே இரு,” என்று அவர் முடித்துக்கொண்டார்.

அந்த மாசி மாதம்தான் அவர் விழுந்தார். கதிரடிப்பு முடிந்த களத்தில் ஊர் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரோ சீண்டிவிட, ஊமையன் கயிற்றின் மேலிருந்து குதிப்பானே, அது மாதிரி வைக்கோல் படப்பின் மேலிருந்து ஒச்சாண்டி அண்ணன் மேல் குதித்துக் காட்டினார். அண்ணன் நகர்ந்துவிட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஜீப்பிலேயே படுக்க வைத்து மயிலாடும்பாறைக்குக் கொண்டுபோனோம். அங்கே சின்னக்கருப்பு வைத்தியர் எலும்புக்குக் கட்டுப் போடுவதில் கைராசிக்காரர். உளுந்தமாவும் முட்டை வெள்ளையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார். மொத்தம் மூன்று கட்டு. முதல் இரண்டும் அவரே போட்டார். மூன்றாவதற்கு என்னை அருகில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

“மூணாவது கட்டு நான் போடுறதில்ல ஆத்தா. எங்க அப்பன் காலத்து வழக்கம். வீட்டுக்காரி போடணும், போட்ட கைதான் அவுக்கணும். வேற கை பட்டா எலும்பு எளகிரும். இருபத்தோராம் நாள் அவுத்து, எண்ணெய் தடவி, நடக்க விட்டுரு.”

என் கணவர் பயபக்தியோடு தலையாட்டினார். ஒச்சாண்டி அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை.

இருபத்தோராம் நாள், முந்தின நாள் நான் தனியாகப் போய் வைத்தியரிடம் வாங்கி வந்த எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவிழ்க்கத்தான் உட்கார்ந்தேன், ஏட்டம்மா. முடிச்சில் கையும் வைத்துவிட்டேன். அப்போது அவர் சொன்னார். “ஒச்சாண்டி போய்ப் பேசிட்டு வந்துட்டான். கால் சரியானதும் வந்து சேரச் சொன்னாகளாம். அங்கன பெரிய டிவி இருக்காம் புள்ள. நம்ம ரெஸ்லிங்கும் வருதாம். டிரைவருமாரெல்லாம் சேந்து பாப்பாங்களாம்.”

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். நான் முடிச்சிலிருந்து கையை எடுத்தேன்.

“வைத்தியர் இன்னொரு கட்டுச் சொன்னாக,” என்றேன். “எலும்பு இன்னும் கூடலையாம்.”

கஷ்டமாகவே இல்லை. ஐந்து வருஷமாக அவருக்குத் தெரியாத பாஷையில் சொன்னதை நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை நான் மட்டும் தேனி போய், வருசநாட்டு பஸ் ஏறி மயிலாடும்பாறை போவேன். கால் தேறிவிட்டது, தடவ எண்ணெய் மட்டும் வேண்டும் என்று வைத்தியரிடம் சொல்வேன். திரும்பி வந்து, இன்னும் ஒரு கட்டு என்று இவரிடம் சொல்வேன். அவர் முதலில் சலித்துக்கொள்வார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். நான் அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பக்கத்தில் உட்கார்வேன். அந்தத் தோட்டத்து வேலைக்கு அவருக்குப் பதிலாக ஒச்சாண்டி அண்ணன் போய்விட்டார். அதனால் ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும் என் கணவர் எனக்குக் கிடைத்தார். அந்த வருஷம் நான் சமைத்தது போல என்றைக்கும் சமைத்ததில்லை.

ஆடி மாதம் ஒருநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். கதவு நிலையைப் பிடித்தபடி வாசல் வரை வந்திருந்தார். “நாலு எட்டு வச்சேன் சொர்ணம்,” என்று குழந்தை மாதிரி சிரித்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நான் அவரை மெதுவாகக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். நீங்கள் முழங்கால் ஏன் இரும்பாகிக் கிடக்கிறது என்று கேட்டீர்கள். அன்றைக்குத்தான் சிம்பை நீளமாக வெட்டி, கட்டை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினேன். இறுக்கமாகவும் கட்டினேன். வலிக்கிறது என்றார். வலித்தால்தான் எலும்பு கூடுகிறது என்று அர்த்தம் என்றேன். அரிவாள்மனையையும் கத்தியையும் அடுக்களை மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். கூர்மையான பொருள் உயரத்தில் இருப்பதுதானே நல்லது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மினுக்கி மேடைக்கு வந்தான். அவனுக்கும் மாசியில்தான் கால் முறிந்திருந்தது. தூக்குக் கட்டிலில் கொண்டுபோனதை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். இப்போது ஓடி வந்து கயிற்றைத் தாண்டிக் குதித்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

“இவனுக்கும் அதே கால்தானே?” என்று கேட்டார். “எட்டு மாசத்துல எந்திரிச்சுட்டானே. என்ன சொல்றாங்க?”

“இது பழைய படமாம். கால் முறியிறதுக்கு முந்தி எடுத்ததாம்,” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். அன்றிலிருந்து என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. எப்போது அவிழ்ப்பாய் என்றும் கேட்கவில்லை. தண்ணீர்கூட நானாகக் கொடுத்தால்தான். கேட்க எதுவும் இல்லாத அளவுக்கு அவருக்கு எல்லாம் கிடைக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் விடாமல் கதை சொன்னேன். கரடியின் தங்கைக்குக் குழந்தை பிறந்த கதை வரை சொன்னேன்.

பங்குனியில் பாதம் கறுக்கத் தொடங்கியது. சாம்பிராணி போட்டேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அவர் தங்கை சங்கிலியம்மாள் திருப்பூரிலிருந்து வந்தாள். பனியன் கம்பெனி வேலைக்காரி, ஒன்றரை வருஷமாக எட்டிப் பார்க்காதவள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மதினி, இதென்ன நாத்தம்?”

கட்டின் மேல் கை வைக்காதே, போட்ட கைதான் அவிழ்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். அவராவது தடுப்பார் என்று பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். துணி கழன்றபோது தோலும் கூட வந்தது. சங்கிலியம்மாள் என்னை அடித்தாள். நான் திருப்பி அடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். வைத்தியர் போட்ட இரண்டாவது கட்டோடேயே எலும்பு கூடிவிட்டது. எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு வருஷம் நான்தான் கட்டினேன். வைத்தியர் மேலோ வழக்கத்தின் மேலோ பழி இல்லை. ஆனால் கொடுமைப்படுத்தியதாக எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு நாளாவது அவரைப் பட்டினி போட்டேனா, ஒரு சுடுசொல் சொன்னேனா, அவரையே கேளுங்கள்.

இன்று காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும், முழங்காலைப் பிறகுதான் சொல்ல முடியும் என்று அவரிடமே சொன்னார். அவர் அழவில்லை. ஏதாவது கேட்கணுமா என்றார் டாக்டர். அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவராக ஒன்று கேட்கப் போகிறார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? டிவி இருக்கும் அறையாகப் பார்த்து மாற்றச் சொல்லி நானே சொல்லலாம் என்று ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

“காலு போனாப் போகட்டும் டாக்டரய்யா,” என்றார். “என்னய மட்டும் இவகிட்டத் திருப்பிக் குடுத்துராதீக.”