தலேலுக்கு ஜாமீன் நிக்கறவன்

சொந்தம்னு ஒண்ணும் இல்லீங்க நீதிபதி ஐயா. தலேலும் நானும் ஒரே ஊரு, அவ்வளவுதான். ஜாமீன் தரேன், பொறுப்புக்கு ஒரு ஆளு வரட்டும்னீங்க. நிலத்துப் பத்திரத்தோட வந்து நிக்கறேன். அவன் இன்னிக்கே வெளிய வரணுங்க.

ஓடிட்டா நிலம் போயிருமா? ஓட மாட்டான்க. முன்னாடி ஓடினான்தான், இல்லேங்கல. எங்க போனான்? தங்கச்சியக் கட்டிக் குடுத்த ஊருக்கு. நம்ம ஹரியானாவுல தங்கச்சி வீட்டுல அண்ணங்காரன் கை நனைக்க மாட்டான், ஐயாவுக்குத் தெரியாததா. படுக்கை அங்க, சாப்பாடு ரோட்டோர டாபாவுல. ஒளிஞ்சிருக்கறவன் வேளாவேளைக்கு வந்து ரொட்டியும் பருப்பும் கேட்டா போலீசு என்ன பண்ணும்? சாப்பிட்டு முடிக்கட்டும்னு காத்திருந்து கூட்டிட்டு வந்துட்டாங்க. இன்னும் ரெண்டு தங்கச்சி இருக்கு, அங்கயும் இதே கததான். வேற எங்க ஓடுவான்?

இவன் சிக்கறதுக்குள்ள, இதே கேசுல கூட மாட்டின ஹோஷியார் தனியா விசாரணை நடந்து விடுதலையாயிட்டான். ஹுக்காக் குழலால மண்டையில போட்டது ஹோஷியார். தலேல் அடிடான்னு கத்தினதோட சரி. இப்ப அடிச்சவன் வீட்டுல எருமை கறக்கறான், கத்தினவன் ஜெயில்ல கிடக்கறான்.

எப்படி விட்டாங்களா? கூடச் சீட்டாடின இன்னொருத்தன், நான் என் சீட்டப் பாத்துக்கிட்டிருந்தேன்னு சாட்சி சொல்லிட்டான். அடி வாங்கினவனும் அதையே சொல்லிட்டான். பொய் இல்லீங்க. சீட்டுல உக்காந்தவன் எவன் நிமிந்து பாப்பான்?

சண்டை எதுக்கா? சீப்னு எங்க ஊருச் சீட்டாட்டங்க. நாலு பேரு, ரெண்டு ரெண்டு பேரு ஒரு கட்சி. தலேலும் அடி வாங்கினவனும் ஒரே கட்சி. ஆமாங்க, ஒரே கட்சிதான். அவன் இறக்கின சீட்டு தலேலுக்குப் புடிக்கல. எதிர்க்கட்சி ஹோஷியாரப் பாத்து, இவன் மண்டையில ஒண்ணு போடுடான்னான். ஹோஷியார் மரியாத தெரிஞ்சவன், பெரியவங்க சொன்னாத் தட்ட மாட்டான். தன் சீட்ட முறையா இறக்கிட்டு, அப்புறந்தான் குழல எடுத்தான். ஹுக்காவும் போச்சு.

ஆனா அந்தச் சீட்டு தப்பில்லீங்க. அத இறக்கலேன்னா கீழ கிடந்ததெல்லாம் எதிராளி வாரிட்டுப் போயிருப்பான். யோசிச்சு இறக்கினது.

எனக்கு எப்படித் தெரியுமா? ஐயா, கோர்ட்டுல தலப்பாவக் கழட்டலாங்களா? இதோ, இங்க பாருங்க, தையல் தெரியுதுங்களா.

ஆமாங்க. புகார்ல இருக்கற ரிசால் சிங் நான்தான். அடி வாங்கினவன் ஜாமீன் நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்களா?

கோவமெல்லாம் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, நாலு பேரு சீட்டையும் கவுத்து வச்சு மேல செங்கல் வைக்கச் சொல்லிட்டுத்தான் போனேன். அப்படியே இருக்கு. இப்ப தலேல் முறை. அவன் வந்து இறக்கினாத்தான் தெரியும், நான் போட்டது சரியா தப்பான்னு.