பூட்டியிருந்தால் அடுத்த பட்டறை

சாப்பாட்டுக்கு அப்புறம் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. பின் வரிசையில ரெண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஏற்கெனவே கண்ணு சொருகுது. பரவாயில்ல... ஒரு சின்னக் கதை சொல்றேன். இதைக் கேட்டுட்டுத் தூங்க முடிஞ்சா தூங்குங்க.

சௌந்தரவல்லின்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியை. சிறு தொழில் பண்றவங்க புதுசா எதையாவது செய்யறதுக்கு அரசாங்கம் எப்படி உதவணும்... இதுதான் அவங்க ஆராய்ச்சி. அவங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்தது ஒரே ஒரு சர்வே. புது மெஷின் வாங்க மானியம் தர்ற திட்டம் ஒரு மாவட்டத்துல மட்டும் நடந்துச்சு. மானியம் வாங்கின முன்னூறு பட்டறையில இவங்க ஆளுங்க போய் விசாரிச்சாங்க. பத்துக்கு எட்டு பேர் ‘முன்னைவிட நல்லா இருக்கோம்’னு சொல்லிட்டாங்க.

கட்டுரை வந்துச்சு. விருது வந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சு அரசாங்கமே கூப்பிட்டுச்சு. திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் போகுது, அதை நடத்தற நிறுவனத்துக்கு நீங்கதான் தலைவர்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை கூட்டம். இவங்க எழுந்து பேசினா உடனே கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை அந்தம்மா அந்தச் சர்வே நடந்த பழைய தொழிற்பேட்டைக்குப் போறாங்க. எதுக்கு? கூட்டத்துல காட்ட நாலு போட்டோ எடுக்க! அங்க ஒரு பட்டறை பூட்டிக் கிடக்கு. பூட்டெல்லாம் துரு. எதிர்ல டீக்கடைக்காரர்கிட்ட, முன்ன மானிய சர்வே எடுத்தது நாங்கதான்னு சொல்லி, இது யாரோடதுங்கன்னு கேட்டாங்க.

அவர் டீ ஆத்திக்கிட்டே சொல்றார்: “குழந்தைவேலுதும்மா. மானியத்தை நம்பிப் பெரிய மெஷின் போட்டான். ஆர்டர் வரல, மூடிட்டான். அன்னிக்கு உங்க ஆளுங்க வந்தாங்களே... அப்பவும் பூட்டித்தான் கெடந்துச்சு. பூட்டைப் பாத்துட்டு அடுத்த பட்டறைக்குப் போயிட்டாங்க.”

அந்தம்மா போட்டோ எடுக்கறதையே விட்டுட்டாங்க. ஏன்? சர்வேக்குப் போறவங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆள் இல்லேன்னா பட்டியல்ல அடுத்த ஆளைக் கேளு. எல்லாரும் பண்றதுதான், நீங்களும்தான் பண்றீங்க... சிரிக்காதீங்க. அந்த விதியை எழுதிக் குடுத்ததே அவங்கதான்.

ஓடினாங்க பல்கலைக்கழகத்துக்கு. பழைய படிவத்தையெல்லாம் கீழ கொட்டிப் பிரிச்சாங்க. ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கு... ‘பூட்டு, மாற்று.’ இன்னொண்ணு... ‘பூட்டு, மாற்று.’ எண்ணிப் பாத்தா நூத்திப் பன்னண்டு! திறந்திருந்த பட்டறையில மட்டும் போய், நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்காங்க. நொடிச்சுப் போனவனை யாருமே கேக்கல.

கூடச் சேர்ந்து கட்டுரை எழுதின நண்பர் ஜெயசீலனுக்குப் போன் போட்டாங்க. அவர் கெட்டவர் இல்ல, நம்மள மாதிரிதான். வியாழக்கிழமை முடியட்டும், பதவி கைக்கு வரட்டும், அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் எழுதிக்கலாம்னார். “பென்சில்ல எழுதினதை யாரும்மா பாக்கப் போறாங்க?”

நிஜம்தானே? யாரு பாக்கப் போறாங்க?

வியாழக்கிழமை. மேசையைச் சுத்திப் பதினாலு பேர். நடுவுல ஃபைல், மூடி திறந்த பேனா. அந்தம்மா எழுந்தாங்க.

“என் சர்வே தப்பு. இதை நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க.”

துறைச் செயலாளர் கண்ணாடியைக் கழட்டினார். “இது வேற யாருக்காவது தெரியுமா?”

“தெரிஞ்சவங்க சொல்ல மாட்டாங்க சார். அதான் நான் சொல்றேன்.”

கையெழுத்து நின்னுச்சு. தலைவர் பதவி வேற ஒருத்தருக்குப் போச்சு. விருது குடுத்தவங்களே திரும்பக் கேட்டாங்க, குடுத்துட்டாங்க. மறுபடி சர்வே நடந்துச்சு, மூடினவங்களைத் தேடிப் பிடிச்சுக் கேட்டாங்க. ஆர்டர் கைக்கு வந்தப்புறம் மெஷின் வாங்கினா போதும்னு திட்டத்தையே மாத்தினாங்க. அந்தம்மாவுக்கு யாரும் நன்றி சொல்லல.

கண்ணுகளா... நீங்க எழுதற ஒரு சதவீதத்தை நம்பி எங்கேயோ ஒருத்தன் மெஷின் வாங்கறான். தப்பு வரும், உங்களுக்கும் வரும், எனக்கும் வந்திருக்கு. அந்தத் தப்பு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சு, ஊருக்குத் தெரியாம ரெண்டு நாள் இருக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல. அந்த ரெண்டு நாள்ல நீங்க என்ன பண்றீங்கங்கறதுதான் உங்க படிப்பு. மத்ததெல்லாம் வெறும் பட்டம்.